பழைய கணினிகளைப் புதுப்பிப்பது யாருடைய பொறுப்பு?

இந்தியப் பல்கலைக்கழகங்களின் மொழியியல் துறைகளுக்குள் சென்று பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதன்று. சுவரோரமாக நான்கைந்து மேசைக்கணினிகள். 2017, 2018 வாக்கில் ஏதோ ஒரு திட்ட நிதியில் வாங்கியவை. திட்டம் முடிந்துவிட்டது, கணினிகள் எஞ்சியுள்ளன. அவற்றுள் ஒன்றில் பல ஆண்டுக் களப்பணியின் ஒலிப்பதிவுகள் கிடக்கின்றன. இன்னொன்றில் ஈலான் கோப்புகளும் பிராட் கோப்புகளும் பாதி குறிப்பெழுதிய நிலையில் உள்ளன. திரையில் ஒரு நாள் ஓர் அறிவிப்பு வருகிறது: விண்டோஸ் 11 இயங்குவதற்கான குறைந்தபட்சத் தேவைகளை இந்தக் கணினி இப்போது நிறைவுசெய்யவில்லை.

அதன்பின் நிகழ்வதும் பழகிய ஒன்றுதான். துறையில் 'கணினி தெரிந்தவர்' என்று பெயரெடுத்த ஆய்வு மாணவர் ஒருவர் அழைக்கப்படுகிறார். அவர் ஒரு பென் டிரைவுடன் வருகிறார். ஓரிரு மணி நேரத்தில் அறிவிப்பு மறைகிறது. விண்டோஸ் 11 வந்துவிடுகிறது. அனைவரும் மகிழ்கிறார்கள். எந்தப் பதிவேட்டிலும் எதுவும் எழுதப்படுவதில்லை. ஈராண்டுகள் கழித்து அந்த மாணவர் பட்டம் பெற்று வேறு ஊருக்குப் போய்விடுகிறார். அந்தக் கணினிக்குள் என்ன செய்யப்பட்டது, இனி என்ன செய்யப்பட வேண்டும் என்பதை அறிந்த ஒரே நபரும் அவரோடு வெளியேறிவிடுகிறார்.

அதிகாரபூர்வமற்ற முறையில் பழைய வன்பொருளில் புதிய இயங்குதளத்தை நிறுவுவது சரியா தவறா என்ற விவாதம் ஏற்கெனவே நிறைய நடந்துவிட்டது. அதைவிட முதன்மையான கேள்வி ஒன்று பேசப்படாமலே இருக்கிறது. நிறுவுதல் ஒரு மாலைப்பொழுதின் வேலை. புதுப்பித்தல் ஆண்டுக்கணக்கில் தொடரும் கடமை. முதலாவதை ஒரு மாணவரின் தனித்திறன் நிறைவேற்றிவிடும். இரண்டாவதை ஒரு நிறுவனத்தின் ஒழுங்குதான் நிறைவேற்ற முடியும். இந்திய உயர்கல்வி நிறுவனங்கள் இரண்டாவதையும் மாணவரின் தனித்திறனிடமே விட்டுவைத்திருக்கின்றன என்பதே இப்பதிவின் குற்றச்சாட்டு.

அந்த அறிவிப்பின் இலக்கணத்திலிருந்து தொடங்குவது பயனுடையது. 'இந்தக் கணினி தேவைகளை நிறைவுசெய்யவில்லை' என்ற தொடரில் எழுவாய் கணினி. தேவைகளை வகுத்தவர் யார் என்பது தொடரில் இல்லை. 'ஆதரிக்கப்படாத வன்பொருள்' என்ற வழக்கும் அப்படியே. ஆதரிக்காமல் விட்டவர் ஒருவர் இருக்கிறார். ஆனால் செயப்பாட்டு வடிவம் அவரை மறைத்து, அவர் எடுத்த முடிவைப் பொருளின் பண்பாக மாற்றிவிடுகிறது. ஆப்பிள் நிறுவனம் தன் பழைய கருவிகளை வகைப்படுத்துவதும் இத்தகையதே. விற்பனை நின்று ஐந்தாண்டுகளுக்கு மேலானவை ஒரு வகை. ஏழாண்டுகளைக் கடந்தவை 'வழக்கொழிந்தவை'. சொல்லொன்று வழக்கொழிகிறது என்றால் பேசுவோர் அதைக் கைவிட்டார்கள் என்று பொருள். கணினி வழக்கொழிகிறது என்று அறிவிக்கப்படும்போதோ, அதைப் பயன்படுத்துவோர் அதைக் கைவிட்டிருக்கவே மாட்டார்கள்.

இதனால் எல்லைக்கோடு முழுவதும் பொய் என்று ஆகிவிடாது. அந்தக் கோட்டுக்குள் இருவேறு காரணங்கள் கலந்துள்ளன. அவற்றைப் பிரித்தறிவது ஆய்வாளருக்கு அவசியம்.

2021 அக்டோபர் 5ஆம் நாள் வெளியான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புக் கூறையும், பாதுகாப்பான தொடக்கத்துக்கு வழிசெய்யும் யு.இ.எஃப்.ஐ. நிலைபொருளையும், 4 ஜி.பி. நினைவகத்தையும், 64 ஜி.பி. சேமிப்பிடத்தையும் கேட்டது. இவற்றோடு ஏற்கப்பட்ட நுண்செயலிகளின் பட்டியல் ஒன்றும் வந்தது. இன்டெல் வரிசையில் அப்பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகிறது. எட்டாம் தலைமுறை 2017இன் பிற்பகுதியில்தான் சந்தைக்கு வந்தது. ஆகவே 2017இல் ஏழாம் தலைமுறைக் கணினியை வாங்கிய ஒரு துறையின் உடைமை, நான்கே ஆண்டுகளில் பட்டியலுக்கு வெளியே தள்ளப்பட்டது. அக்கணினிகளுள் பலவற்றில் டி.பி.எம். 2.0 இருந்தது. பாதுகாப்பான தொடக்கமும் இருந்தது. பட்டியலில் பெயர் மட்டும் இல்லை.

விதிவிலக்கு ஒன்று இங்கே கவனிக்கத்தக்கது. ஏழாம் தலைமுறையைச் சேர்ந்த கோர் ஐ7-7820எச்க்யூ என்ற நுண்செயலி பின்னர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் தானே தயாரித்து விற்ற சர்ஃபேஸ் ஸ்டுடியோ 2 என்ற உயர்விலைக் கணினியில் இருந்தது அந்த நுண்செயலிதான். நவீன வகை இயக்கிகளோடு வந்த கருவிகளுக்கு மட்டுமே இந்தச் சலுகை என்பது நிறுவனத்தின் விளக்கம். அவ்விளக்கத்தில் தொழில்நுட்ப நியாயம் உண்டு. அதே நியாயத்தைப் பிற ஏழாம் தலைமுறைக் கணினிகளுக்கும் நீட்ட எடுக்க வேண்டிய உழைப்பை நிறுவனம் எடுக்க விரும்பவில்லை என்பதும் அதிலிருந்தே புலப்படுகிறது.

மறுபக்க வாதத்தையும் மதிப்புடன் கேட்க வேண்டும். தகுதி பெற்ற கணினிகளில் 99.8 விழுக்காடு முடக்கமின்றி இயங்கின என்றும், தகுதி பெறாதவற்றில் கருநிரல் மட்ட முடக்கங்கள் 52 விழுக்காடு கூடுதலாக இருந்தன என்றும் 2021இல் மைக்ரோசாஃப்ட் கூறியது. 52 விழுக்காடு என்பது பெரிய எண்ணாகத் தோன்றுகிறது. ஆனால் அது எந்த அடிப்படை எண்ணின் மீதான கூடுதல் என்று கேட்கும் பழக்கம் ஆய்வு மாணவர்களுக்கு இருக்க வேண்டும். ஆயிரத்தில் இரண்டு என்பது மூன்றாக உயர்ந்தாலும் கூடுதல் 50 விழுக்காடுதான். இது புள்ளிவிவரத்தை மறுப்பதாகாது; அதன் எடையை அளப்பதாகும்.

இனி உண்மையான இயலாமைக்கு வரலாம். 2024 அக்டோபரில் பொதுவாக வெளியான 24எச்2 பதிப்பின் கருநிரல், எஸ்.எஸ்.இ. 4.2 தொகுதியைச் சார்ந்த கட்டளைகளை எதிர்பார்க்கிறது. அக்கட்டளைகள் இன்டெல் நுண்செயலிகளில் 2008இல் வந்த நெஹாலெம் தலைமுறையோடு அறிமுகமானவை. கோர் 2 டுவோ கணினிகளில் அவை இல்லை. ஆகவே அவற்றில் அப்பதிப்பு தொடங்கவே தொடங்காது. எந்தப் பதிவேட்டு மாற்றமும் உதவாது. இல்லாத கட்டளையை எந்தத் தந்திரத்தாலும் சிலிக்கானில் எழுதிவிட முடியாது. முன்னையது கொள்கையின் கோடு. இது பொருளின் கோடு. பென் டிரைவுடன் வரும் மாணவர் கடப்பது முதலாவதை மட்டுமே. 23எச்2 வரை கோர் 2 டுவோவில் ஓடிக்கொண்டிருந்த கணினிகள் அடுத்த புதுப்பிப்பில் நின்றுபோனதற்குக் காரணம், இவ்விரு கோடுகளையும் ஒன்றென எண்ணியதே.

இப்போது புதுப்பித்தலின் உட்கூற்றைப் பார்ப்பது தகும். விண்டோஸ் இயங்குதளத்துக்கு இருவகைப் புதுப்பிப்புகள் உண்டு. ஒவ்வொரு மாதமும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகும் பாதுகாப்புத் திருத்தங்கள் ஒரு வகை. ஆண்டுக்கொரு முறை வரும் பதிப்பு மாற்றம் மற்றொரு வகை. பட்டியலுக்கு வெளியே உள்ள கணினியில் மாதாந்திரத் திருத்தங்கள் பெரும்பாலும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பெறும் உரிமை அக்கணினிக்கு இல்லை என்று மட்டும் நிறுவனம் எச்சரித்துவைத்திருக்கிறது. பதிப்பு மாற்றமோ தானாக வழங்கப்படுவதில்லை. ஒவ்வொரு முறையும் நிறுவல் கோப்பைத் தரவிறக்கி, சோதனைகளைக் கடக்கும் மாற்றத்தை மீண்டும் செய்து, கையால் மேம்படுத்த வேண்டும்.

வழங்கப்படாவிட்டால் என்ன, பழைய பதிப்பிலேயே இருந்துகொள்ளலாமே என்று தோன்றும். இங்கேதான் பொறி இருக்கிறது. ஹோம், புரோ வகைகளில் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆயுள் 24 மாதங்கள். கல்வி, நிறுவன வகைகளில் 36 மாதங்கள். 2022இல் வெளியான விண்டோஸ் 11இன் 22எச்2 பதிப்பை அந்த ஆண்டே ஒரு மாணவர் துறைக் கணினியில் நிறுவிவிட்டுச் சென்றார் என்று கொள்ளலாம். ஹோம், புரோ வகைகளுக்கு அப்பதிப்பின் மாதாந்திரத் திருத்தங்கள் 2024 அக்டோபர் 8ஆம் நாளோடு நின்றுவிட்டன. அதே கணினியை விண்டோஸ் 10இலேயே தொடாமல் விட்டிருந்தால் 2025 அக்டோபர் 14 வரை திருத்தங்கள் வந்திருக்கும். அதாவது, பழையதிலிருந்து தப்பிப் புதியதற்குச் சென்றவர், பழையதிலேயே இருந்தவரைவிட ஓராண்டு முன்னதாகப் பாதுகாப்பை இழந்தார். திரையில் 'விண்டோஸ் 11' என்ற பெயர் மிளிர்ந்துகொண்டிருந்ததால் யாரும் அதை அறியவும் இல்லை. பிழைச் செய்தி இல்லை, ஓட்டம் தடைப்படவில்லை. புண் வெளியே தெரியாத நோய்தான் இது.

இரண்டாவது இடர் மறையாக்கம் சார்ந்தது. 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழையும்போது, முன்னைவிட அதிகமான கணினிகளில் சாதன மறையாக்கம் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. வட்டின் உள்ளடக்கம் பூட்டப்படுகிறது. மீட்புக் குறியீடு நுழைந்தவரின் கணக்கில் சேமிக்கப்படுகிறது. நுழைந்தவர் யார்? அன்று உதவிக்கு வந்த மாணவர். பின்னர் ஒருநாள் நிலைபொருள் அமைப்பையோ பாதுகாப்பான தொடக்கத்தையோ யாரேனும் மாற்றினால், கணினி 48 இலக்க மீட்புக் குறியீட்டைக் கேட்கக்கூடும். அக்குறியீடு, எப்போதோ ஊரைவிட்டுப் போன ஒருவரின் தனிப்பட்ட மின்னஞ்சல் கணக்குக்குள் இருக்கும். துறைத்தலைவரின் முத்திரையாலும் கையெழுத்தாலும் அந்த வட்டைத் திறக்க முடியாது.

மூன்றாவது இடர் நிறுவல் கோப்பின் மூலம் பற்றியது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே கோப்பைப் பெற்று, ரூஃபஸ் போன்ற திறந்த மூலக் கருவியால் சோதனைகளை மட்டும் விலக்கி நிறுவுவது ஒரு வழி. நிறுவனமே 2021இல் பதிவேட்டு மாற்ற வழியொன்றைத் தன் உதவிப் பக்கத்தில் தந்திருந்தது. பின்னர் அதை நீக்கிவிட்டது. இவ்வழியில் இயங்குதளத்தின் உள்ளுறுப்புகள் மாற்றப்படுவதில்லை. யாரோ ஒருவர் வெட்டிச் சுருக்கி, 'இலகுவாக்கிய' படிமத்தை டெலிகிராம் குழுவிலிருந்து இறக்கி நிறுவுவது முற்றிலும் வேறு வழி. சுவடிப் பதிப்பில் மூலப்படிக்கும் இடைச்செருகல் கொண்ட படிக்கும் உள்ள வேறுபாடு இது. முன்னையதில் படியின் சரிபார்ப்புத் தொகையை மூலத்தோடு ஒப்பிட முடியும். பின்னையதில் ஒப்பிட மூலமே இல்லை. பாடவேறுபாடுகளை ஆண்டுக்கணக்கில் ஒப்புநோக்கும் அறிஞர்கள், தம் ஆய்வுத் தரவு முழுவதையும் எவர் கைபட்டது என்றே தெரியாத ஒரு படியின்மேல் ஏற்றிவைப்பது விந்தையானது.

மேக் கணினிகளின் கதை சற்றே வேறுபட்டாலும் படிப்பினை ஒன்றே. டோர்டானியா குழுவினரின் ஓப்பன்கோர் லெகசி பேட்சர், ஆப்பிள் கைவிட்ட இன்டெல் மேக்குகளில் புதிய மேக்ஓஎஸ் பதிப்புகளை இயக்க வழிசெய்கிறது. ஆப்பிள் நீக்கிவிட்ட வரைகலை இயக்கிகள் போன்றவற்றை அது கணினித் தொகுதிக்குள் மீண்டும் பொருத்துகிறது. 2020இன் பிக் சர் பதிப்பிலிருந்து அத்தொகுதி முத்திரையிடப்பட்டது. ஒட்டுப்போட அந்த முத்திரையை உடைக்க வேண்டும், பாதுகாப்பு அமைப்புகள் சிலவற்றைத் தளர்த்தவும் வேண்டும். ஒவ்வொரு புதுப்பிப்பும் அந்த ஒட்டுகளைத் துடைத்துவிடும்; மீண்டும் போட வேண்டும். போடும்வரை திரை தடுமாறும், சில வேளை வைஃபையும் கிடைக்காது. சிறு திருத்தத்துக்குக்கூட முழு நிறுவல் கோப்பையும் பல ஜி.பி. அளவில் இறக்க நேரும். 2025இன் டஹோவே இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு என்று ஆப்பிள் அறிவித்துவிட்டதால், இந்தப் பாதைக்கு ஒரு முடிவும் குறிக்கப்பட்டுவிட்டது. தன்னார்வலர்களின் உழைப்பு போற்றத்தக்கது. ஒரு துறையின் ஆவணக்காப்பகத்தை அவர்களுடைய ஓய்வுநேரத்தின்மேல் நிறுத்தக்கூடாது என்று அவர்களே சொல்வார்கள்.

இவையெல்லாம் வெறும் கணினிப் பராமரிப்புச் செய்திகள் என்று தோன்றினால், அந்த வட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பத்தாயிரமும் அதற்கு மேலும் பேசுவோரைக் கொண்ட 121 மொழிகளையே தனித்தனியே பட்டியலிட்டது. அவ்வெல்லைக்குக் கீழுள்ள மொழிகளுக்காகவே 2013இல் அருகிவரும் மொழிகளைக் காக்கும் திட்டம் உருவாகி, மைசூருவின் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் வழியே செயல்பட்டது. அத்தகைய மொழிகள் பலவற்றின் ஒலிப்பதிவுகள் திட்ட ஆவணங்களுக்கு வெளியே, ஆய்வு மாணவர்களின் மடிக்கணினிகளிலும் துறைக் கணினிகளிலும் சிதறிக் கிடக்கின்றன. ஒரு மூதாட்டி சொன்ன கதையின் ஒரே பதிவு, பேசியவர் மறைந்த பின், ஓர் எட்டாண்டுப் பழைய வன்தட்டில் இருக்கலாம். அதன் இழப்புக்குக் காப்பீடு இல்லை. மீண்டும் களத்துக்குப் போனாலும் அந்தக் குரல் கிடைக்காது.

இழப்பு மட்டுமே இடர் அன்று, கசிவும் இடர்தான். பேசுவோரிடம் ஒப்புதல் பெறும்போது ஆய்வாளர் ஒரு வாக்குறுதி தருகிறார்: இந்தப் பதிவு ஆய்வுக்கு மட்டும் பயன்படும், பெயர் வெளிவராது, கேட்கக்கூடாத சடங்குப் பாடல்கள் பிறர் கைக்குப் போகாது. அந்த வாக்குறுதி நெறிமுறைக்குழுவின் படிவத்தில் கையெழுத்தாகிறது. பாதுகாப்புத் திருத்தம் நின்றுபோன கணினியை இணையத்தோடு இணைத்துவைத்திருப்பது அந்த வாக்குறுதியைப் பேசாமல் மீறுவதாகும். நெறிமுறைப் படிவங்களில் பதிவு எங்கே வைக்கப்படும் என்று கேட்கும் கட்டம் இருக்கும். அந்த இடம் எந்த நாள்வரை திருத்தம் பெறும் என்று கேட்கும் கட்டமும் அதனருகே இருக்க வேண்டும்.

இந்தச் சுமை யார் தோள்மீது விழுகிறது என்பதே அடுத்த கேள்வி. பல்கலைக்கழக மானியக்குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். அத்தேர்வில் அந்த உதவித்தொகை பெறாமல் நடுவண் பல்கலைக்கழகங்களில் முனைவர்பட்ட ஆய்வு செய்வோருக்கு மாதம் 8,000 ரூபாய். மாநிலப் பல்கலைக்கழகங்களில் எந்த உதவித்தொகையும் இல்லாமல் ஆய்வு செய்வோர் ஏராளம். மாதம் 8,000 ரூபாயில் விடுதிக் கட்டணமும் களப்பயணமும் போக, புதிய மடிக்கணினி என்பது பல மாதச் சேமிப்பின் கனவு. எனவே இரண்டாம் கையில் வாங்கிய ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளே ஆய்வின் முதுகெலும்பு. அவற்றைத் தூக்கியெறியச் சொல்வது அந்த ஆய்வாளர்களை வெளியேறச் சொல்வதற்கு நிகர்.

உதவும் மாணவரின் நிலையோ இன்னும் இக்கட்டானது. அவர் செய்வது ஊதியமற்ற வேலை. வேலை நன்றாக முடிந்தால் அது ஓர் உதவி; கெட்டுப்போனால் அது அவருடைய குற்றம். அண்ணா, என் கணினியையும் ஒரு தடவை பாருங்களேன் என்று அடுத்தடுத்த ஆண்டு மாணவர்கள் கேட்கிறார்கள். நெறியாளர் கேட்டால் மறுக்கவும் முடியாது. அவருடைய ஆய்வேட்டின் ஒரு பகுதி நேரம் பிறர் கணினிகளுக்குள் கரைகிறது. இந்த உழைப்பு எந்த ஆண்டறிக்கையிலும் இடம்பெறுவதில்லை. இடம்பெறாததாலேயே இது தொடர்கிறது. நட்பின் பெயரால் பெறப்படும் பராமரிப்பு, நிறுவனத்தின் கடமைத் தவறை மூடிமறைக்கும் திரையாகிவிட்டது.

இதற்கு எதிர்வாதங்கள் இரண்டு எழக்கூடும். புதிய கணினிகளை வாங்கிவிட்டால் சிக்கலே இல்லை என்பது முதலாவது. நிதி இருந்தால் வாங்கட்டும். ஆனால் இன்று வாங்கும் கணினிக்கும் ஒரு நாள் கோடு வரையப்படும். பராமரிப்பு ஒழுங்கு இல்லாத துறையில் புதிய கணினி என்பது தள்ளிப்போடப்பட்ட அதே சிக்கல்தான். மேலும் நன்றாக ஓடும் கணினியைக் கழித்துக்கட்டுவது மின்கழிவைப் பெருக்குவதாகும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகள், கழிவு உருவான பின் அதை எங்கே சேர்ப்பது என்பதை ஒழுங்குசெய்கின்றன. கழிவே உருவாகாமல் தடுக்கும் பொறுப்பு பயன்படுத்தும் நிறுவனத்திடமும் இருக்கிறது.

அனைவரும் லினக்ஸுக்கு மாறிவிட வேண்டும் என்பது இரண்டாவது வாதம். இதில் உண்மை மிகுதி. பிராட், ஈலான் இரண்டும் லினக்ஸில் நன்றாக இயங்குகின்றன. 4 ஜி.பி. நினைவகமுள்ள கணினியில் லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு தளர்வின்றி ஓடும். அங்கே பழைய கணினியில் புதிய இயங்குதளத்தை நிறுவுவது எந்த விதியையும் மீறுவதாகாது. புதுப்பிப்பு எல்லோருக்கும் வருவதுபோல் வரும். ஆனால் இடர்கள் இல்லாமல் இல்லை. துறைகளில் பல ஆண்டுக் கோப்புகள் கிருதிதேவ் போன்ற ஒருங்குறியல்லாத எழுத்துருக்களில் கிடக்கின்றன. ஆய்வேட்டின் வார்ப்புரு வேர்ட் கோப்பாகவே கேட்கப்படுகிறது. சில அச்சுப்பொறிகளுக்கும் வருடிகளுக்கும் இயக்கி கிடைப்பதில்லை. லினக்ஸும் கோடு வரையாமல் இல்லை: 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்கான நிறுவியைக் கைவிட்டது.

கேரளத்தின் பட்டறிவு இங்கே வழிகாட்டும். அங்குள்ள அரசுப் பள்ளிகள் 2000களின் நடுப்பகுதியிலிருந்தே கட்டற்ற மென்பொருளுக்கு நகர்ந்தன. இன்று கைட் என்ற அரசு நிறுவனம், உபுண்டுவை அடியாகக் கொண்ட இயங்குதளத்தைப் பள்ளிகளுக்கெனத் தொகுத்து வழங்குகிறது. ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தருகிறது. அதன் வெற்றிக்கு லினக்ஸ் என்ற பெயரைக் காட்டிலும், புதுப்பிப்பை ஒரு பொது அமைப்பு தன் வேலையாக ஏற்றுக்கொண்டதே காரணம் எனலாம். சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்திய மொழிகளுக்கான ஆதரவோடு இருந்தும் பல்கலைக்கழகத் துறைகளில் பரவாமல்போனது, மென்பொருளைத் தருவது மட்டும் போதாது என்பதைக் காட்டுகிறது. யார் நிறுவுவார், யார் பழக்குவார், அடுத்த ஆண்டு யார் வந்து பார்ப்பார் என்ற கேள்விகளுக்கு விடை தேவை.

செய்யத்தக்கவை கடினமானவையும் அல்ல, செலவு மிக்கவையும் அல்ல.

முதலில், ஒவ்வொரு துறையும் தன் கணினிகளுக்கு ஒரு பதிவேடு தொடங்க வேண்டும். கணினியின் நுண்செயலித் தலைமுறை, இயங்குதளப் பதிப்பு, அது நிறுவப்பட்ட முறை, அப்பதிப்பின் ஆதரவு முடியும் நாள், மறையாக்கத்தின் மீட்புக் குறியீடு இருக்கும் இடம் என்ற ஐந்து கட்டங்கள் போதும். குறியீட்டைத் தனிநபர் கணக்கில் வைக்காமல் அச்சிட்டு அலுவலக அலமாரியில் பூட்டிவைக்கலாம். சான்றாக, 24எச்2இன் ஹோம், புரோ வகைகளுக்கு 2026 அக்டோபர் 13 கடைசி நாள் என்று பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தால், அந்நாளுக்கு முன் யாரேனும் ஒருவர் எழுந்து பார்ப்பார்.

அடுத்து, விண்டோஸ் 10இலேயே இருக்கும் கணினிகளுக்கு அதிகாரபூர்வ நீட்டிப்பைக் கோரலாம். கல்வி நிறுவனங்களுக்குக் கணினி ஒன்றுக்கு முதலாண்டு 1 டாலர், இரண்டாம் ஆண்டு 2 டாலர், மூன்றாம் ஆண்டு 4 டாலர் என மைக்ரோசாஃப்ட் கட்டணம் அறிவித்தது. மொத்தம் 7 டாலரில் 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். வணிக நிறுவனங்களுக்கு முதலாண்டுக் கட்டணமே 61 டாலர். இவ்வளவு மலிவான வழி இருக்கும்போது, அதைக் கேட்டுப் பெறும் அதிகாரம் கொண்ட கணினி மையம் வாளாவிருக்க, மாணவர்கள் இரவில் பென் டிரைவோடு அலைவது நிர்வாகத்தின் தோல்வியே. ஆனால் இந்தக் கட்டணம் நிறுவனங்களுக்குரியது. ஆய்வு மாணவர் தனியாகப் பெற முடியாது. எனவே மாணவர்களின் சொந்தக் கணினிகளுக்கு வேறு வழி வேண்டும்.

மூன்றாவதாக, வேலையைப் பிரித்து இயங்குதளத்தை ஒதுக்க வேண்டும். இணையமும் மின்னஞ்சலும் திருத்தம் பெறும் கணினியில். ஒலிக்குறிப்பெழுதும் வேலை லினக்ஸ் கணினியில். பழைய மென்பொருளையோ பழைய வருடியையோ சார்ந்த வேலை, இணையத்திலிருந்து முற்றிலும் துண்டிக்கப்பட்ட கணினியில். வலையிணைப்பு இல்லாத பழைய கணினி, திருத்தம் நின்ற பின்னும் ஆண்டுக்கணக்கில் பயன்படும். ஆனால் கோப்புகளை ஏற்றியிறக்கும் பென் டிரைவுக்கும் கண்டிப்பு வேண்டும்.

நான்காவதாக, எந்தப் புதுப்பிப்புக்கும் முன் களத்தரவு மூன்று படிகளாக, இருவேறு ஊடகங்களில், ஒன்று வேறு இடத்தில் இருக்க வேண்டும் என்பது எழுதப்பட்ட விதியாக வேண்டும். படியெடுத்தால் மட்டும் போதாது. படியைத் திறந்து, ஒலிக்கோப்பு ஒன்றையேனும் கேட்டுப் பார்க்க வேண்டும். திறந்து பார்க்கப்படாத காப்புப்பிரதி வெறும் நம்பிக்கைதான்.

இறுதியாக, அதிகாரபூர்வமற்ற நிறுவலைத் தவிர்க்க முடியாத இடங்களில் அது வெளிப்படையாக நடக்க வேண்டும். மூலத் தளத்திலிருந்து பெற்ற கோப்பு, சரிபார்க்கப்பட்ட தொகை, முறையான உரிமம், செய்தவர் பெயர், நாள், திரும்பிச் செல்லும் வழி ஆகியவை எழுதப்பட வேண்டும். செய்தவருக்கு மணிக்கணக்கில் ஊதியமோ, ஆய்வுப்பணிக் கணக்கில் இடமோ தரப்பட வேண்டும். மறைவாகச் செய்யப்படும்வரை அது ஒருவரின் சாமர்த்தியமாகவே இருக்கும்; எழுதிவைக்கப்பட்டால் அடுத்து வருபவரும் தொடரக்கூடிய முறையாகும்.

ஓலைச்சுவடிகள் பல நூற்றாண்டுகளைக் கடந்து வந்ததற்கு ஓலையின் உறுதி மட்டும் காரணமன்று. ஓலை சிதையும் என்று தெரிந்தே, சிதையும் முன் படியெடுத்தவர்கள் இருந்தார்கள். அப்படியெடுக்கும் வேலைக்கு மடங்களும் அவைகளும் இடமளித்தன. இன்றைய பல்கலைக்கழகத் துறைகளும் அந்த வரிசையில் வருபவையே. அவற்றின் ஓலை வன்தட்டு; அதன் கரையான், யாரும் குறித்துவைக்காத ஒரு தேதி. அடுத்த கல்வியாண்டின் முதல் துறைக்கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலில் கணினிப் பதிவேடு என்ற ஒரு வரியைச் சேர்க்க எந்த நிதி ஒதுக்கீடும் தேவையில்லை. அந்த வரியைச் சேர்க்கும்படி துறைத்தலைவரிடம் கேட்க ஒரு மாணவர் எழுந்தால் போதும்.